பாம்பும் நாமும் ஒரே காணியில்

பெரும்போக விதைப்பு முடிந்து, மாரி மழை பிடித்துக்கொண்ட ஒரு கார்த்திகை மாதம் அது. புல்மோட்டைப் பக்கம் காட்டோரமாக உள்ள மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றுக்கு நாம் போயிருந்தோம். தகரக் கூரை போட்ட கொட்டிலின் வாசலில் இருந்தபடி ஒரு தாய் தனக்கு நடந்ததைச் சொன்னார். முந்திய ஆண்டில் இதே மழைக் காலத்தில், ஒரு நாள் நடுச்சாமம் கடந்து, வயிற்றைப் பிடுங்குவது போன்ற நோவோடு அவர் எழும்பியிருக்கிறார். "இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டுதான் நினைச்சன்" என்றார். கணவர் இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுத்தார். நோவு குறையவில்லை. விடிகிற நேரம் கண் இமைகள் இரண்டும் கீழே விழுந்தன. திறக்கச் சொன்னால் திறக்க முடியவில்லை. பேச்சுக் குழறியது. வாயில் ஊறிய எச்சிலையும் விழுங்க முடியவில்லை. பாயை இழுத்துப் பார்த்த மூத்த மகன்தான் அதன் கீழே சுருண்டு கிடந்த கறுத்தப் பாம்பைக் கண்டான்.

அவருடைய உடம்பில் கடித்த இடம் என்று எதுவும் தெரியவில்லை. வீக்கம் இல்லை, இரத்தம் இல்லை. அயலவரின் உழவு இயந்திரத்தில் பிரதான வீதி வரையும், அங்கிருந்து அம்புலன்ஸிலுமாக அவரைக் கொண்டுபோனார்கள். பல நாட்கள் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருந்து அவர் உயிர் தப்பினார். "பாம்பு எண்டு முதலே தெரிஞ்சிருந்தா மூண்டு மணித்தியாலம் வீணாப் போயிருக்காது" என்று அவருடைய கணவர் இன்றும் சொல்லிக்கொள்கிறார்.

அந்த மூன்று மணித்தியாலத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. பாம்பு கடிப்பதற்கு முன் நாம் செய்யக்கூடியவை பல உண்டு. கடித்த பின் செய்ய வேண்டியவை மிகச் சில. அந்தச் சிலவற்றை வீட்டிலுள்ள எல்லோரும், பிள்ளைகளும் கூட, மனப்பாடமாக அறிந்திருந்தால் எமது ஊர்களில் பல உயிர்களைக் காக்கலாம்.

பாம்பு ஏன் எமது வளவுக்கு வருகிறது?

திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில் உள்ள தென்னமரவாடி மக்கள் 1984ஆம் ஆண்டு மார்கழியில் ஊரை விட்டுப் போனார்கள். திரியாய் மக்களும் அடுத்த ஆண்டில் இடம்பெயர்ந்தார்கள். யுத்தம் முடிந்து, 2009இன் பின்னர் திரும்பி வந்தவர்கள் தம் வயலை எங்கே கண்டார்கள்? கால் நூற்றாண்டாக வளர்ந்த காட்டுக்குள் கண்டார்கள். வரம்பு இருந்த இடத்தில் புற்று, வீடு இருந்த இடத்தில் இடிந்த சுவர், கிணறு இருந்த இடத்தில் பற்றை. நாம் இல்லாத காலத்தில் அந்தக் காணியில் பாம்புகள் குடியிருந்தன. திரும்பி வந்து பற்றை வெட்டியவர்கள் அவற்றின் வீட்டையே வெட்டினார்கள்.

முகாம் வாழ்க்கையிலும் இதே கதைதான். 2009 பங்குனியில் புதுமாத்தளனில் இருந்து செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் காயப்பட்டவர்களும் நோயாளரும் புல்மோட்டையில் இறக்கப்பட்டதையும், இந்திய வைத்தியர் குழு ஒன்று இங்கே அவசர வைத்தியசாலை நடத்தியதையும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கூடாரத்திலும் தறப்பாளின் கீழும் வெறும் நிலத்தில் படுத்து எழும்பிய காலம் அது. அந்தப் பழக்கம் இன்றும் பல வீடுகளில் போகவில்லை. கட்டில் வாங்க வசதி வரவில்லை, அல்லது மழைக்குச் சுவர் இன்னும் எழும்பவில்லை.

பாம்பு எம்மைத் தேடி வருவதில்லை. அது எலியையும் தவளையையும் தேடி வருகிறது. நெல் மூட்டை உள்ள வீட்டுக்கு எலி வரும். எலி உள்ள வீட்டுக்குப் பாம்பு வரும். மழை வெள்ளம் புற்றுக்குள்ளும் வளைக்குள்ளும் இறங்கினால், காய்ந்த மேட்டு நிலத்தைத் தேடி அது வெளிக்கிடும். அந்த மேட்டில்தான் எமது வீடும் இருக்கிறது. இந்த உறவை விளங்கிக்கொண்டால், பாம்பைக் கொல்வதை விட எலியை ஒழிப்பது பயனுள்ள வேலை என்பது புரியும்.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

2012இலும் 2013இலும் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கை முழுவதும் வீடு வீடாகச் சென்று விசாரித்தார்கள். 2016இல் வெளியான அவர்களுடைய கணக்கின்படி, இந்த நாட்டில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் ஏறத்தாழ 30,000 பேருக்கு விஷம் ஏறுகிறது. ஏறத்தாழ 400 பேர் இறக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. உலகெங்கும் ஆண்டுக்கு 81,000 முதல் 138,000 பேர் வரை இதனால் இறப்பதாக அது மதிப்பிடுகிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் எம்மைப் போல மண்ணில் வேலை செய்யும் ஏழைகள்.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. கடிபட்ட 8 பேரில் 5 பேருக்கு விஷம் ஏறவில்லை. கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கலாம். விஷப் பாம்பாக இருந்தும் விஷத்தை இறக்காமல் கடித்திருக்கலாம். அந்த 5 பேருக்கு மந்திரித்தாலும் பிழைப்பார்கள், வேரை அரைத்துப் பூசினாலும் பிழைப்பார்கள், ஒன்றுமே செய்யாவிட்டாலும் பிழைப்பார்கள். ஆபத்து மற்ற 3 பேருக்குத்தான். கடித்த உடனே நீங்கள் 5இல் ஒருவரா, 3இல் ஒருவரா என்று வீட்டில் இருந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எட்டுப் பேரும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அறிந்திருக்க வேண்டிய ஐந்து பாம்புகள்

இலங்கையில் நூறு வரையான பாம்பினங்கள் உண்டு. அவற்றுள் தரையில் வாழ்ந்து மனிதருக்கு ஆபத்தை ஏற்படுத்துபவை மிகச் சிலவே. வைத்தியசாலையில் சிங்களம் பேசும் வைத்தியரோ தாதியோ இருந்தால் உதவும் என்பதற்காகச் சிங்களப் பெயரையும் தருகிறோம்.

நாகபாம்பு (சிங்களத்தில் நயா): படம் எடுப்பதால் எல்லோருக்கும் தெரியும். கடித்த இடம் நொந்து வீங்கும், தசை அழுகவும் கூடும். விஷம் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தலாம். நாகதம்பிரானை வணங்கும் எமது மக்களில் பலர் இதை அடிப்பதில்லை. விலகிப் போக வழி விட்டால் இதுவும் பெரும்பாலும் விலகியே போகும்.

கண்ணாடி விரியன், அல்லது புடையன் (தித் பொலங்கா): தடித்த உடல், முக்கோணத் தலை, முதுகில் சங்கிலி போல மூன்று வரிசையில் கரும் ஓரமுள்ள கபிலப் புள்ளிகள். குக்கர் சீறுவது போலச் சத்தமிடும். வெங்கணாந்திக் குட்டி என்று நினைத்து இதைக் கையில் தூக்கியவர்களும் உண்டு. வயல் வரம்பிலும் வைக்கோலிலும் ஒற்றையடிப் பாதையிலும் கிடக்கும், மைம்மல் பொழுதில் அதிகம் நடமாடும். இதன் விஷம் இரத்தத்தை உறையாமல் செய்யும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இலங்கையில் இது கடித்தவர்களுக்குக் கண் இமை விழுவதும் உண்டு.

எண்ணெய் விரியன், கட்டு விரியன் (தெல் கரவலா): எண்ணெய் பூசியது போல மினுங்கும் கருநீல உடல், குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். பகலில் சோம்பிக் கிடக்கும், இரவில்தான் இதன் நடமாட்டம். நிலத்தில் நித்திரை செய்பவரின் பாயிலும் போர்வையிலும் இது புகுந்துகொள்ளும். நித்திரையில் புரளும்போது அழுத்துப்பட்டுக் கடிக்கும். கடி நுளம்பு குத்தியது போலத்தான் இருக்கும், சிலருக்கு அதுவும் தெரியாது. முதலில் வயிற்று நோவு, பிறகு இமை விழுதல், பேச்சுக் குழறல், கடைசியில் மூச்சுத் திணறல். அநுராதபுரத்தில் இந்தப் பாம்பு கடித்தவர்களை ஆராய்ந்த வைத்தியர்கள், பெரும்பாலோர் இரவில் தரையில் படுத்திருந்தவர்கள் என்று கண்டார்கள்.

சுருட்டை விரியன் (வெலி பொலங்கா): ஓரடி அளவான சிறிய பாம்பு. வடக்கு, கிழக்குக் கரையோர மணற்பாங்கில் காணப்படும். உடலைச் சுருட்டிச் செதிள்களை உரசிச் சரசரவென்று ஒலி எழுப்பும். இலங்கையில் இதன் கடியால் இறப்பது அரிது. ஆனாலும் இரத்தம் உறையாமல் போகலாம்.

கோப்பி விரியன் (குணகட்டுவா): சிறிய பாம்பு, மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். சருகுக்குள் சருகாகக் கிடக்கும். நாட்டில் மிக அதிகமானோரைக் கடிப்பது இதுதான். பெரும்பாலும் வீக்கமும் நோவும் மட்டுமே வரும். சிலருக்குச் சிறுநீரகம் பழுதடைகிறது. எமது வைத்தியசாலைகளில் உள்ள இந்திய விஷமுறிவு மருந்து இதற்கு வேலை செய்யாது. அதனால் இக்கடியைச் சின்ன விடயம் என்று விட்டுவிடாமல் வைத்தியரின் கண்காணிப்பில் இருப்பது அவசியம்.

கொக்கிளாய்ப் பக்கம் கடற்றொழிலுக்குப் போகும் சகோதரர்களுக்கு ஒரு சொல்: வலையில் அகப்படும் கடற்பாம்பு கடும் விஷமுள்ளது. அதைக் கையால் எடுத்து எறிய வேண்டாம், தடியால் தள்ளிவிடுங்கள்.

சாரைப்பாம்பு விஷமில்லாதது. அது ஒரு போகத்தில் எத்தனையோ எலிகளைத் தின்று எமது நெல்லைக் காக்கிறது. அதைக் கண்டதும் பொல்லெடுப்பது எமக்குத்தான் நட்டம்.

வீட்டிலும் வளவிலும்

முதலாவது படுக்கை. கட்டில்தான் நல்லது. வாங்க முடியாதவர்கள் நான்கு கவர்க்கம்புகளை நட்டு, மேலே பலகையோ வரிச்சுத் தடியோ அடித்து நிலத்தில் இருந்து இரண்டடி உயரத்தில் பரண் போட்டுக்கொள்ளலாம். காட்டுத் தடிக்குக் காசு தேவையில்லை. அதுவும் இயலாவிட்டால் நுளம்பு வலை போதும், ஆனால் அதன் ஓரத்தைச் சுற்றிவரப் பாயின் கீழ் செருக வேண்டும். நேபாளத்தில் நடந்த ஆய்வொன்று, நுளம்பு வலைக்குள் படுப்பவர்களைப் பாம்பு கடிப்பது குறைவு என்று காட்டியிருக்கிறது. மலேரியாவைத் தடுக்கத் தந்த வலை பெட்டிக்குள் மடித்துக் கிடந்தால் இன்றே வெளியே எடுங்கள்.

இரண்டாவது நெல். மூட்டைகளைப் படுக்கும் இடத்தில் இருந்து தள்ளி, பலகை மேல் அடுக்குங்கள். கோழிக்கூட்டையும் வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். குஞ்சுக்கும் முட்டைக்கும் பாம்பு வரும். சிந்திய சோறும் தீனியும் எலிக்கு விருந்து, அன்றன்றே கூட்டிவிடுங்கள்.

மூன்றாவது வளவு. வீட்டைச் சுற்றிப் பத்தடி அளவுக்குப் புல் இல்லாமல் செருக்கி வைத்தால், வருகிற பாம்பு கண்ணில் படும். விறகு, கல், பழைய தகரம், கிடுகு ஆகியவற்றை வீட்டை விட்டுத் தள்ளிக் குவியுங்கள். அவற்றில் இருந்து எதையும் எடுக்குமுன் ஒரு தடியால் தட்டுங்கள். இடிந்த சுவரையும் புற்றையும் அகற்றும்போது வெறுங்கையை ஓட்டைக்குள் விட வேண்டாம்.

நான்காவது வெளிச்சம். இரவில் மலசலகூடத்துக்குப் போகும் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிக ஆபத்தில் உள்ளனர். ரோச் லைட் இல்லாமல் வாசலை விட்டு இறங்குவதில்லை என்று வீட்டில் ஒரு சட்டம் வையுங்கள். கைத்தொலைபேசியின் வெளிச்சமும் போதும். செருப்பைப் போடுமுன் தட்டிப் போடப் பழக்குங்கள்.

உள்ளி, வெங்காயம், மண்ணெண்ணெய் தெளித்தால் பாம்பு வராது என்று பலர் சொல்வார்கள். அவற்றை நம்பிக் கவனத்தைக் கைவிட வேண்டாம். பாம்பை விரட்டும் மருந்து, துப்புரவான வளவுதான்.

வயலிலும் சேனையிலும்

முழங்கால் வரை வரும் இறப்பர் பூட்ஸ் போட்டால் கால் கடிகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். சேற்றில் உழும்போது அது கால்வாரும் என்பதும், வெயிலில் அவியும் என்பதும் எமக்குத் தெரியாததல்ல. சேற்றுக்குள் போட முடியாவிட்டாலும் வரம்பால் போகும்போதும், தண்ணீர் கட்ட மைம்மல் பொழுதில் போகும்போதும், பற்றை வெட்டும்போதும் போடுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு சோடி இருந்தாலும், தண்ணீர் கட்டப் போகிறவர் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

நடக்கும்போது தடியொன்றைத் தட்டிக்கொண்டு போங்கள். நில அதிர்வைப் பாம்பு உணர்ந்து விலகும். புடையன் மட்டும் பல வேளைகளில் விலகாது, சீறிக்கொண்டு அந்த இடத்திலேயே கிடக்கும். சீறல் கேட்டால் ஓட வேண்டாம். நின்று, எங்கே என்று பார்த்து, பின்வாங்குங்கள். வெட்டு இயந்திரம் வந்த பிறகு கதிரைக் கையால் பிடித்து அறுப்பது குறைந்துவிட்டது, ஆனால் வைக்கோலைக் கையால் அள்ளுவது குறையவில்லை. கவைத் தடியால் கிளறி எடுங்கள். யானைக் காவலுக்கு வயலில் படுப்பவர்கள் தரையில் சாக்கு விரித்துப் படுக்காமல் பரணில் படுப்பது, யானைக்கும் பாம்புக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்பு.

கடித்துவிட்டால்

1. கடிபட்டவரைப் பாம்பிடம் இருந்து விலக்கி இருத்துங்கள். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓட விடாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். உடல் அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும்.

2. மோதிரம், காப்பு, கொலுசு, கைக்கடிகாரம், இறுக்கமான உடுப்பு ஆகியவற்றை உடனே கழற்றுங்கள். வீக்கம் வந்த பிறகு அவை விரலையும் கையையும் நெரிக்கும்.

3. கடிபட்ட காலையோ கையையோ எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவது போல மட்டை, தடி ஒன்றோடு சேர்த்து அசையாமல் கட்டுங்கள். இரத்த ஓட்டத்தை நிறுத்துமளவுக்கு இறுக்க வேண்டாம்.

4. 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இது, கட்டணம் இல்லை. அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் இடமானால் காத்திருக்க வேண்டாம். ஆட்டோவில், வானில் அல்லது உழவு இயந்திரத்தில் புறப்பட்டு, வழியில் சந்தியுங்கள். மோட்டார் சைக்கிள்தான் உண்டென்றால், கடிபட்டவரை ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்திருப்பவருக்கும் நடுவில் இருத்துங்கள்.

5. வாந்தி வந்தாலோ மயக்கம் வந்தாலோ இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். எண்ணெய் விரியன் கடித்தவரின் இதயம் நின்றிருக்காது, மூச்சுத் தசைதான் களைத்திருக்கும். வைத்தியசாலை சேரும்வரை நீங்கள் ஊதும் மூச்சே அவரைக் காப்பாற்றும்.

6. கடித்த நேரத்தையும், இமை விழுந்தது, வாந்தி வந்தது போன்ற அறிகுறிகள் தொடங்கிய நேரத்தையும் நினைவில் வையுங்கள். வைத்தியருக்கு இது மிகவும் உதவும்.

இரவில் நிலத்தில் படுத்த ஒருவருக்குக் காரணமில்லாத வயிற்று நோவு, கண் இமை விழுதல், விழுங்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும், பாம்புக்கடி என்றே எண்ணிப் புறப்படுங்கள்.

செய்யக் கூடாதவை

கயிற்றாலோ சீலையாலோ இறுக்கிக் கட்ட வேண்டாம். பல மணித்தியாலம் இறுக்கிய கால் அழுகி, கடைசியில் வெட்டி எடுக்கப்படலாம். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்க வேண்டாம், வைத்தியசாலையில் அவிழ்ப்பார்கள். கடிவாயைக் கத்தியால் கீற வேண்டாம். புடையன் கடித்தவருக்கு இரத்தம் உறையாது, நீங்கள் கீறிய காயமே அவரைக் கொல்லலாம். வாயால் உறிஞ்ச வேண்டாம், சுட வேண்டாம், ஐஸ் வைக்க வேண்டாம். சாராயம் கொடுக்க வேண்டாம். நோவுக்குப் பனடோல் கொடுக்கலாம், அஸ்பிரின் போன்ற வேறு நோவு மாத்திரைகள் கூடாது, அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

பாம்பைத் தேடி அடித்துக்கொண்டுவர நேரத்தைச் செலவிட வேண்டாம். இன்னொருவரும் கடிபடுவார். வெட்டி விழுந்த தலையும் சற்று நேரம் கடிக்கும். தூர நின்று கைத்தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அறிகுறியையும் இரத்தத்தையும் பார்த்தே வைத்தியர் முடிவெடுப்பார்.

விஷகடிப் பரிகாரிமாரைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். வைத்தியசாலைக்கு வழியில்லாத காலத்தில் எமது ஊர்களுக்கு அவர்கள்தான் துணையாக இருந்தார்கள். யுத்த காலத்தில் வீதி மூடியிருந்தபோது நள்ளிரவிலும் கதவு திறந்தவர்கள் அவர்கள். அந்த மதிப்பை நாம் குறைக்கவில்லை. ஆனால் இரத்தத்தில் கலந்த விஷத்தை முறிக்க அவர்களிடம் மருந்தில்லை. மேலே சொன்ன 8 பேர் கணக்கை நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் போன பலர் பிழைத்தது ஏன் என்பதும், சிலர் பிழைக்காமல் போனது ஏன் என்பதும் அதில் தெரியும். ஊரார் நம்பும் பரிகாரி ஒருவர், வருகிறவரை ஒரு நிமிடமும் வைத்திருக்காமல் "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று அனுப்பினால், அவரைப் போல உயிர் காப்பவர் வேறெவரும் இல்லை. இதை உங்கள் ஊர்ப் பரிகாரியோடு மரியாதையாகப் பேசிப் பாருங்கள்.

வைத்தியசாலையில் என்ன நடக்கும்?

பலர் பயப்படுவது இதை அறியாததால்தான். முதலில் உங்கள் இரத்தத்தில் சிறிதளவை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். இமை, மூச்சு, சிறுநீர் ஆகியவற்றையும் கவனிப்பார்கள். விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால்தான் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். வந்தவுடன் மருந்து தரவில்லையே என்று சண்டை பிடிக்க வேண்டாம். தேவையில்லாதவருக்கு ஏற்றினால் அதுவே தீங்கு.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பழங்குடி மக்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. அவர்கள் நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்திய மருந்துக் கம்பனிகள் அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்கு ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளை மருந்தாக்குகின்றன. எலியும் பாம்பும் பிடித்து வாழ்ந்த அந்த ஏழைச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. எம்மைப் போன்ற தமிழ் பேசும் ஏழை மக்களின் கைத்திறன் எமது வைத்தியசாலைக் குப்பிக்குள்ளும் இருக்கிறது.

குதிரையில் இருந்து வரும் மருந்தாதலால் சிலருக்கு ஒவ்வாமை ஏற்படும். உடம்பு தடித்தல், நடுக்கம், மூச்சிழுப்பு வரலாம். இதற்கும் இலங்கை வைத்தியர்களே வழி கண்டார்கள். 1007 நோயாளரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரினலின் ஊசி போட்டால் முதல் மணித்தியாலத்தில் வரும் கடும் ஒவ்வாமை 43 வீதம் குறைகிறது என்று காட்டினார்கள். ஆகவே மருந்துக்குப் பயந்து வைத்தியசாலையைத் தவிர்க்க வேண்டாம். கர்ப்பிணித் தாய்க்கும் இதை ஏற்றலாம். குழந்தைக்கும் பெரியவருக்குரிய அதே அளவுதான், ஏனெனில் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்று சில மணித்தியாலத்தில் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது எமது ஆட்களிடம் உள்ள கெட்ட பழக்கம். குறைந்தது 24 மணித்தியாலம் தங்குங்கள். விஷத்தின் விளைவு சிலருக்குப் பிந்தித்தான் தெரியும். புல்மோட்டையில் இருந்து திருகோணமலைப் பொது வைத்தியசாலை 50 கிலோமீற்றருக்கு மேல் தூரம். இரவில் வீட்டுக்கு வந்து மூச்சு முட்டினால் அந்தத் தூரத்தை மறுபடி கடக்க வேண்டிவரும்.

வீடு திரும்பிய பிறகு

புடையனும் கோப்பி விரியனும் கடித்தவர்கள் சிறுநீரகச் சோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ முகம், கால் வீங்கினாலோ உடனே காட்டுங்கள். மனக் காயமும் உண்டு. கடிபட்டுப் பிழைத்த பலருக்குப் பல மாதங்களாக மனச்சோர்வும் பயமும் இருப்பதை, வயலுக்குப் போகவே தயங்குவதை, 2011இல் வெளியான இலங்கை ஆய்வொன்று காட்டியது. அவர்களைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். சில நாட்கள் கூடவே போய் வேலை செய்யுங்கள்.

நாம் சந்தித்த அந்தத் தாயும் முதல் ஆறு மாதம் இரவில் நித்திரை கொள்ளவில்லை. கயிறு கிடந்தாலும் துள்ளி எழும்புவாராம். பிறகு மகன் காட்டுத் தடி வெட்டி வந்து பரண் அடித்துக் கொடுத்திருக்கிறான். இப்போது குடும்பத்தில் எல்லோருக்கும் பரண் உண்டு.

ஊர் கூடிச் செய்ய வேண்டியது

நேபாளத்தின் தாமக் என்ற ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த தொண்டர்களைச் சேர்த்து, கடிபட்டவரை உடனே சிகிச்சை நிலையத்துக்கு ஏற்றும் ஏற்பாடு செய்தார்கள். ஊராருக்கும் விளக்கம் கொடுத்தார்கள். அதற்கு முன் கடிபட்ட 100 பேரில் 10 பேரளவில் இறந்த இடத்தில், அதன் பின் 100க்கு ஒருவர் கூட இறக்கவில்லை. அவர்கள் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. பாதையில் வீணாகும் நேரத்தைத்தான் குறைத்தார்கள்.

எமது ஊர்களிலும் இது முடியாத காரியமல்ல. அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்திலோ மாதர் சங்கக் கூட்டத்திலோ இந்த ஐந்தையும் எடுத்துப் பேசுங்கள். இரவில் எழுப்பினால் வரக்கூடிய வாகனக்காரர் யார், அவருக்கு எரிபொருள் செலவை யார் கொடுப்பது? அவர்களுடைய தொலைபேசி இலக்கத்தை எல்லா வீட்டுக் கதவிலும் எழுதியிருக்கிறோமா? கிட்டிய வைத்தியசாலையில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று போகத் தொடக்கத்திலேயே விசாரித்தோமா? மழையில் வெட்டுண்டு போகும் பாதையைச் சிரமதானத்தில் எப்போது திருத்துவது? நிலத்தில் படுக்கும் வீடுகள் எத்தனை, அவற்றுக்குப் பரண் அடிக்கத் தடி வெட்டித் தருபவர் யார்?

காணியைத் திரும்பப் பெற நாம் பல ஆண்டுகள் காத்திருந்தோம். பாம்புகள் இந்தக் காணியை விட்டுப் போகப்போவதில்லை, நாமும் இனிப் போகப்போவதில்லை. இருவரும் ஒரே காணியில் இருப்பதற்கு ஒரு கட்டிலும், ஒரு ரோச் லைட்டும், தட்டிப் பார்த்துவிட்டுக் கையை வைக்கும் பழக்கமும், கடித்தால் உடனே புறப்படும் துணிவும் வேண்டும். இவற்றில் பரணைப் பற்றி இன்றிரவே உங்கள் வீட்டில் பேசுங்கள்.